ஊசிக்கு நீட்டிய கை, ஊரடங்கில் எழுந்த குரல்

அத்தையின் இடது தோளுக்கு நாலு விரல் கீழே காசளவுக்கு ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தடவித் தடவிப் பார்த்து, “இது என்ன அத்தை?” என்று கேட்பேன். “அச்சு குத்தினது மக்கா” என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது. பெரியம்மைத் தடுப்பூசிக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பெயர் அது. பிற்பாடு பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் கரமனையில் குடியேறியபோது, அங்கே வயதான மலையாளிகளின் வாயிலும் அதே சொல்லைக் கேட்டேன்: அச்சுகுத்து. 1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரிக்காரர்களான நாங்களும் அவர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவர்கள்தானே. அரசாங்கக் காகிதத்தில் முத்திரை குத்துவதுபோல உடம்பில் குத்திய முத்திரை என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

2020-க்கும் 2022-க்கும் இடையில் அந்தச் சொல் அடிக்கடி நினைவுக்கு வந்தது. கோவிட் தடுப்பூசிக்குத் திருவனந்தபுரத்தில் மக்கள் முண்டியடித்தார்கள். அதே நகரத்தின் ஒரு பகுதி மக்கள், ஊரடங்குக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். முதலாவதைக் கல்வியறிவு என்றும் இரண்டாவதை அறியாமை என்றும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர்கள் எனக்குப் பொருந்தவில்லை. ஓர் ஊசியையோ ஒரு தடையையோ ஒரு வீடு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது, அந்த வாசலுக்கு அதற்கு முன்பு அரசாங்கம் எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுபோனது என்பதைப் பொறுத்தது. இதைப் பூந்துறையிலிருந்து தொடங்கிச் சொல்வதுதான் சரி.

*

பூந்துறை திருவனந்தபுரம் மாநகராட்சிக்குள் இருக்கும் மீனவ ஊர். வீட்டோடு வீடு ஒட்டிய நெருக்கம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்துக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம். பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர்கள். பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. இவர்கள் பேச்சில் மலையாளமும் தமிழும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம். தெற்கே தூத்தூர், வள்ளவிளை என்று கன்னியாகுமரிக் கடற்கரை நெடுக இவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இருக்கிறது.

2020 ஜூலை தொடக்கத்தில் குமரிச்சந்தை மீன் அங்காடியை ஒட்டித் தொற்று பரவியது. ஜூலை 6 காலை முதல் மாநகராட்சி முழுவதும் மூன்றடுக்கு ஊரடங்கு வந்தது. பூந்துறையில் ஐந்து நாளில் 600 பேரைச் சோதித்ததில் 119 பேருக்குத் தொற்று என்று அரசு அறிவித்தது. உடனே 25 கமாண்டோக்கள் அனுப்பப்பட்டார்கள். பூந்துறைக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் இடையே படகு போகக் கூடாது என்று கடலையும் மூடினார்கள். வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி இலவசம் என்றார்கள். ஜூலை 10, வெள்ளிக்கிழமை, நூற்றுக்கணக்கானோர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சுகாதாரப் பணியாளர்களின் வண்டியைச் சூழ்ந்துகொண்டு சிலர் முகக்கவசத்தை இறக்கி இருமினார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது.

அந்த இருமலை நியாயப்படுத்த முடியாது. அந்த வண்டியில் இருந்தவர்கள் அதே ஊருக்காக வெயிலில் வந்தவர்கள். ஆனால் அந்த ஒரு நிமிடக் காட்சியோடு பூந்துறையை மதிப்பிட்டவர்கள், அங்குள்ளவர்கள் கேட்டது என்ன என்று கவனிக்கவில்லை. கடைக்குப் போனால் சாமான் இல்லை. பக்கத்து ஊர்க் கடைக்காரர் ‘பூந்துறையா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். நோயாளி என்று அழைத்துப்போனவர்களுக்கு அங்கே என்ன வசதி என்று தெரியவில்லை. கடலுக்குப் போகாத நாளில் அந்த வீடுகளில் பணம் என்று ஒன்று கிடையாது. மாதச் சம்பளக்காரருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் ஊரடங்கு என்றால் வீட்டில் இருப்பது. பூந்துறைக்காரருக்கு அது கடலையும் சந்தையையும் ஒன்றாக இழப்பது.

அந்தக் கோபத்தின் வேர் ஜூலையில் முளைத்ததும் அல்ல. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் பெண்கள் நாள்கணக்கில் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் 3 அன்று விழிஞ்ஞம் வந்த முதல்வர் பினராயி விஜயனின் வண்டியை மறித்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், இதே கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மீனவர்கள் பத்தனம்திட்டைக்கும் ஆலப்புழைக்கும் போனார்கள். வீட்டு மொட்டைமாடிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வரே அவர்களைப் பாராட்டினார். இரண்டு வருடம் கழித்து அவர்கள் தெருமுனையில் நின்றது துப்பாக்கி ஏந்திய கமாண்டோ. எந்த ஊராக இருந்தாலும் இது வலிக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். இரண்டொரு நாளில் பங்குத்தந்தையரும் ஊர்ப் பெரியவர்களும் பேசினார்கள். இருமிய தெருவிலேயே மருத்துவர்களையும் செவிலியர்களையும் பூத்தூவி வரவேற்றார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். நோய் அதே நோய், விதி அதே விதி. மாறியது, யார் வந்து எப்படிக் கேட்டார்கள் என்பது மட்டும்தான்.

ஜூலை 17 அன்று முதல்வர் தம் மாலைச் செய்தியாளர் சந்திப்பில் பூந்துறையிலும் இன்னொரு கடலோர ஊரான புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டது என்று சொன்னார். புல்லுவிளையில் சோதித்த 97 பேரில் 51 பேருக்கும், பூந்துறையில் 50 பேரில் 26 பேருக்கும் தொற்று என்ற கணக்கையும் வாசித்தார். சமூகப் பரவல் என்ற சொல்லை இந்தியாவில் எந்த அரசும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. கசப்பான எண்ணை மறைக்காமல் சொன்ன அந்த மாலை, நூறு கமாண்டோக்களைவிட அதிகம் செய்தது என்பது என் கணிப்பு. கரமனையில் எங்கள் தெருவில் ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே குரல்தான் கேட்கும். எண்கள், எந்த மாவட்டத்தில் எத்தனை, யாருக்கு எங்கிருந்து வந்தது. ‘பயமல்ல, ஜாக்கிரதைதான் வேண்டும்’ என்ற வாக்கியத்தை எதிர் வீட்டுக் குழந்தைகூட ஒப்பிக்கும். பால் வாங்கப் போவதற்கும் ‘சத்தியவாங்மூலம்’ என்ற உறுதிமொழிக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனோம். யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முணுமுணுப்பு வாசலோடு நின்றது, ஏனென்றால் ஒன்றாம் தேதி வந்தால் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் பணம் வந்துவிடும்.

*

இந்த நகரத்துக்கும் ஊசிக்கும் உள்ள உறவு பழையது. 1810-இல், பத்தொன்பது வயதில், கௌரி லட்சுமிபாய் திருவிதாங்கூரின் பொறுப்பை ஏற்றார். ஆங்கில ரெசிடெண்டாக இருந்து திவானும் ஆன ஜான் மன்றோவின் துணையோடு 1813-இல் தடுப்பூசித் துறை தொடங்கப்பட்டது. ஜென்னர் தம் முதல் சோதனையைச் செய்து பதினேழு வருடம்தான் ஆகியிருந்தது. மக்களின் பயத்தைப் போக்க அரச குடும்பத்தினர் முதலில் தங்கள் கையை நீட்டினார்கள் என்பது திருவிதாங்கூர் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. மைசூரிலும் இப்படி ஒன்று உண்டு. 1805-இல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில், மைசூர் அரண்மனைப் பெண் ஒருத்தி சேலையை விலக்கி மேற்கையைக் காட்டி நிற்கிறாள். அம்மைப்பால் வைத்த இடத்தைக் காட்டுவதற்காகவே அப்படி நிற்கிறாள் என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அரண்மனைப் பெண்ணின் கை பொதுமக்கள் பார்வைக்கு வருவது அன்றைக்குச் சாதாரண விஷயமல்ல.

மக்களுக்கு என்ன பயம்? தமிழிலும் மலையாளத்திலும் அந்த நோயின் பெயரைச் சொன்னாலே புரியும். வைசூரி வந்திருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்; அம்மா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறது, விளையாடுகிறாள் என்பார்கள். வீட்டுக்கு வந்த தெய்வத்தை ஊசிகொண்டு விரட்டுவது எப்படி? அந்தத் தயக்கத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. வேப்பிலை கட்டி, வெளியாரை வீட்டுக்குள் விடாமல், நோயாளியை ஒரு அறையில் தனியாக வைத்து, எண்ணெய்ச் சட்டி வைக்காமல் இருந்த அந்த முறைக்குள் தனிமைப்படுத்தலும் பராமரிப்பும் இருந்தன. இரண்டாவது பயம் சாதி. கன்றிலிருந்து பால் எடுக்கும் முறை பரவுவதற்கு முன்பு, ஒரு குழந்தையின் கையில் கொப்பளித்த நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைப்பார்கள். எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எந்தச் சாதிக் குழந்தைக்கு என்பது அன்றைய கேள்வி. தீண்டாமைக்கு அடிக்கணக்கில் தூரம் வகுத்த திருவிதாங்கூரில் ஊசி எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி போயிருக்க முடியாது. 1804 முதல் 1946 வரையிலான திருவிதாங்கூர் அம்மைத் தடுப்பின் வரலாற்றை அபர்ணா நாயர் 2019-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். ‘மாதிரி’ சமஸ்தானம் என்ற புகழுக்குப் பின்னால் பார்க்க விரும்புகிறவர்கள் படிக்க வேண்டியது.

சென்னையில் இதே காலத்தில் வேறொரு வழி முயன்றுபார்க்கப்பட்டது. திருக்குறளில் தோய்ந்தவர், திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இலேயே எழுதியவர், எல்லீசன் என்று தமிழர் பிரியமாக அழைக்கும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், அம்மைப்பாலைப் புகழ்ந்து ஒரு கதை எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல அமைந்த கதை அது. தெய்வமே இந்த மருந்தைத் தந்தது என்று சொன்னால் மக்கள் ஏற்பார்கள் என்ற எண்ணம். 1819 ஜனவரி 12 அன்று ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழுக்கு ஒரு கடிதம் போனது. தன்வந்திரியின் பெயரிலான பழைய நூலொன்றிலேயே பசு அம்மைப்பால் வைக்கும் முறை இருக்கிறது என்றது அந்தக் கடிதம். இந்தச் செய்தி ஐரோப்பா வரை போய், ஜென்னருக்கு முன்பே இந்தியாவில் தடுப்பூசி இருந்தது என்று நூற்றாண்டுக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டது. 1987-இல் சமஸ்கிருத அறிஞர் டொமினிக் உயாஸ்டிக் அதைத் தேடிப் போய், நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட புனைவு என்று காட்டினார்.

எல்லீசன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும், நல்லதற்காகச் சொன்னாலும் பொய் பொய்தான். ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஒரு நூலை இட்டுக்கட்டினால், இன்னொருவர் அதே வழியில் ஊசியால் மலட்டுத்தன்மை வரும் என்று இட்டுக்கட்டுவார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒலிப்பதிவுகள் அந்த வகை. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொண்ட பெற்றோர்கள் இருந்தார்கள், முகாமை நீட்டிக்க வேண்டிவந்தது. அதே ஆண்டு கேரளத்தில் இதே முகாமின்போது மலப்புறம் மாவட்டத்தில் ஊசி போடப்போன பணியாளர்கள் தாக்கப்பட்டார்கள். தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில், தொண்டை அடைப்பான் நோய்க்கு 2016-இல் பிள்ளைகள் இறந்த அதே மாவட்டத்தில். கேரளம் முழுவதும் ஒரே மனம் என்று எழுதுகிறவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

*

ஊசிக்கு இரண்டாவது முகம் ஒன்று உண்டு: கட்டாயம். 1879-இல் திருவிதாங்கூர் அரச விளம்பரம் அரசு ஊழியர்கள், சிறைக்கைதிகள், மாணவர்கள் ஆகிய மூவருக்கும் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். சம்பளத்துக்காக அரசை நம்பி இருப்பவர், பூட்டி வைக்கப்பட்டவர், பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்பவர். அரசின் கை எட்டும் தூரத்தில் யார் இருந்தார்களோ அவர்கள்மீது கட்டாயம் விழுந்தது. காட்டிலும் கடலோரத்திலும் இருந்தவர்களுக்குக் கட்டாயமும் இல்லை, பெரும்பாலும் ஊசியும் இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் கட்டாயத் தடுப்பூசிக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். 1904-இல் ரியோ டி ஜெனீரோவில் கலவரமே மூண்டது. திருவனந்தபுரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இங்கே வந்த பள்ளிக்கூடங்கள், 1865-இல் எழுந்த பொது மருத்துவமனை, ஊருக்கு ஊர் போன செவிலியர்கள் எல்லாம் சேர்ந்து ஊசியை வெறும் உத்தரவாக இல்லாமல் ஒரு சேவையாக ஆக்கியிருந்தன. கடைசியில் அத்தையின் கையில் அந்தத் தழும்பு விழுந்தது அந்தச் சேவையால்தான். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். பிறகு அச்சுகுத்தும் முடிந்தது.

2021 ஜனவரி 16 அன்று கோவிட் தடுப்பூசி தொடங்கியது. முதலில் சுகாதாரப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்கள், ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள். தொடக்கத்தில் கரமனையிலும் தயக்கம் இருந்தது. ‘கொஞ்சம் பார்த்துட்டுப் போடலாம்’ என்றவர்கள் என் வீட்டிலேயே உண்டு. இரண்டாம் அலை எழுந்ததும் அது காற்றில் போயிற்று. ஏப்ரல் கடைசியில் ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்கில் நடந்த பெருமுகாமில் முதியவர்கள் வெயிலில் நெரிசலில் நின்று மயங்கி விழுந்தார்கள். தடுப்பூசிக்கான இணையதளத்தில் இடம் திறந்த சில நொடிகளில் தீர்ந்துவிடும். பேரப்பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து விரலைத் தயாராக வைத்திருப்பார்கள். தடுப்பூசித் தயக்கம் என்று உலகமே பேசிக்கொண்டிருந்தபோது இங்கே பிரச்சினை தட்டுப்பாடு.

இங்கே செவிலியர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. சேதம் ஆகலாம் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாக நிரப்பியிருப்பார்கள். திறந்த குப்பியை நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துப் பேர் சேரும்வரை திறக்காமல் காத்திருந்து, ஒரு துளி சிந்தாமல் ஏற்றி, பதினோராவது ஆளுக்கும் கேரளச் செவிலியர்கள் போட்டார்கள். 2021 மே 4 அன்று முதல்வர் வெளியிட்ட கணக்கின்படி, மாநிலத்துக்கு வந்தது 73,38,806 தவணை, போட்டது 74,26,164. வித்தியாசம் 87,358. ஒரு சிறு நகரத்துக்கே போதுமான ஊசியைக் கைப்பழக்கத்தாலும் பொறுமையாலும் அவர்கள் உண்டாக்கினார்கள். அதற்கு முந்தைய மாதமான ஏப்ரலில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளியான விவரத்தில் தமிழ்நாட்டில் சேதம் 12.10 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம்.

நம் செவிலியர்களின் கையில் குறையில்லை. குப்பியைத் திறந்துவிட்டு ஆள் வராமல் காத்திருந்தால் மருந்து வீணாகத்தான் செய்யும். அந்த ஏப்ரலில் நமக்கு வந்த அடி வேறு. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் மக்களை ஊக்குவிப்பதற்காகப் பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17 அதிகாலை மரணம். சிரிக்கவைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொன்ன மனிதர், மரம் நட்ட மனிதர், போய்விட்டார். துக்கமும் பயமும் ஒன்றாகக் கலந்தன. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, தற்செயல் என்று தடுப்பூசி பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு வந்தது அக்டோபரில். ஆறு மாத இடைவெளியில் ஊர்வாய் தானே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. மக்களை அதற்காகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அன்பு வைத்த ஒருவரின் சாவுக்கு விளக்கம் கேட்பது மனித இயல்பு. விளக்கம் உரிய நேரத்தில் வராததுதான் குறை.

கேரளத்தின் ஆர்வத்துக்கு இன்னொரு காரணத்தையும் எண்கள் காட்டுகின்றன. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காவது குருதி ஆய்வில், உடலில் எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் தமிழ்நாட்டில் 69.2 விழுக்காடு, கேரளத்தில் 44.4 விழுக்காடு மட்டும். முகக்கவசமும் இடைவெளியும் பலரை நோயிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தன. அதனாலேயே அவர்களுக்கு ஊசி இன்னும் அவசரமாகத் தேவைப்பட்டது. பின்னர் விடுபட்ட மரணங்களைச் சேர்த்துக் கணக்கு சரிசெய்யப்பட்டபோது கேரளத்தின் மொத்த மரணம் எழுபதாயிரத்தைத் தாண்டியது. கட்டுப்பாடு மரணத்தை ஒழித்துவிடவில்லை. ஊசி வந்து சேரும்வரை பலருக்கு நாள் வாங்கிக் கொடுத்தது.

2021 ஏப்ரலில், மாநில அரசுகள் தடுப்பூசியை விலைகொடுத்து வாங்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, முதல்வரின் நிவாரண நிதிக்குப் பணம் குவிந்தது. கண்ணூரைச் சேர்ந்த முதிய பீடித் தொழிலாளி ஒருவர் வங்கியில் இருந்த சேமிப்பில் இரண்டு லட்சத்தை அனுப்பிவிட்டு எண்ணூற்றைம்பது ரூபாயை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டார். ஊசி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

*

விரும்பி நீட்டிய அதே கைகளைச் சில மாதங்களில் அரசு முறுக்கத் தொடங்கியதுதான் எனக்குப் புரியாதது. 2021 ஆகஸ்ட் 5 முதல் கடைக்குப் போக வேண்டுமானால், இரண்டு வாரத்துக்கு முன்பாவது முதல் ஊசி போட்டிருக்க வேண்டும், அல்லது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்று வேண்டும், அல்லது நோய் வந்து போய் ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைய நிலையில் மாநிலத்தின் மொத்த மக்களில் பாதிப் பேருக்குக்கூட முதல் ஊசி கிடைத்திருக்கவில்லை. கிடைக்காத ஒன்றைப் போடவில்லை என்பதற்காக அரிசி வாங்க விடமாட்டேன் என்பது என்ன நியாயம்? சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் அது விரும்பத்தக்கது என்ற அளவில் விளக்க, உத்தரவின் வாசகமோ வேறு மாதிரி இருக்க, எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. அதே ஆகஸ்ட் 5-இலிருந்து தமிழ்நாடும் கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் சான்று கேட்கத் தொடங்கியது. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையுமாக இருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் இரண்டு பக்கமும் கதவு.

அந்த மாதம்தான் ஆற்றிங்கல்லில் சாலையோரம் மீன் விற்ற பெண்ணின் மீனை நகராட்சி ஊழியர்கள் வாரி எறிந்தார்கள். தரையில் உட்கார்ந்து அவர் அழுத காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஊழியர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆனால் ஊரடங்கின் பாரம் யார் கூடையில் விழுகிறது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. வணிக வளாகத்தின் வாசலில் கைபேசியில் சான்றைக் காட்டிவிட்டுப் போனவர்களுக்கு அந்தக் கூடை தெரிந்திருக்காது.

டிசம்பர் 4 அன்று கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி ஒரு கணக்கு வெளியிட்டார்: ஊசி போடாத ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் 1,707 பேர். அவர்கள் வாரந்தோறும் சோதனைச் சான்று கொடுக்க வேண்டும், இல்லையேல் சம்பளமில்லா விடுப்பில் போக வேண்டும். 1879-இன் பட்டியல் திரும்பி வந்தது: அரசு ஊழியர், பள்ளிக்கூடம். சில நாள் முன்புதான், ஊசி மறுப்பவர்களுக்கு இலவசச் சிகிச்சை இல்லை என்றும் அறிவித்திருந்தார்கள். மதத்தையோ மாற்று மருத்துவத்தையோ காரணம் சொல்லி ஊசியை மறுத்த ஆசிரியரிடம் எனக்கு வருத்தம் உண்டு, அவர் முன் உட்கார்ந்திருப்பது ஊசிக்கு வயது வராத பிள்ளைகள். அந்த இடத்தில் சோதனைச் சான்று கேட்டது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் நோயில் விழுந்தவனிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பது தண்டனை. அது பொது மருத்துவமனையின் வேலை அல்ல. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல்மீது அவரவருக்குள்ள உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் வரும் என்றது. பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. அளவு எது என்பதுதான் கேள்வி, அந்த அளவை ஊசி வந்து சேராத தெருவிலிருந்து அளக்க வேண்டும்.

இன்னொரு சிறு விஷயம். 2022-இல் மூன்றாவது ஊசி வந்தபோது, ஏப்ரலில் காசுக்கும் ஜூலையில் இலவசமாகவும் கிடைத்தபோது, நாடு முழுவதும் ஆள் வரவில்லை. கேரளத்திலும் அந்தப் பழைய நெரிசல் இல்லை. முதல் ஊசிக்கு விரலைத் தயாராக வைத்திருந்த வீடுகள்தான் இவை. நோயின் பயம் அடங்கியிருந்தது. அதைவிட முக்கியமாக, மாலை ஆறு மணிக்கு வந்து கணக்குச் சொல்லும் குரலும் நின்றிருந்தது.

*

நம்பிக்கை என்று வரும்போது இந்த நகரத்தில் ஆற்றுக்காலைத் தொடாமல் முடியாது. ஆற்றுக்கால் பகவதி கண்ணகிதான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. விழாவின் நாள்களில் அவள் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுவார்கள். மதுரையை எரித்துவிட்டுத் தெற்கே வந்தவளுக்கு மாசியில் லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். 2020 மார்ச் 8 அன்று பத்தனம்திட்டையில் ஐந்து பேருக்குக் கோவிட் உறுதியானது. மறுநாள் பொங்கல். காய்ச்சல் இருமல் உள்ளவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் வர வேண்டாம், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா கேட்டுக்கொண்டார். விழா நடந்தது. அதைத் தடுத்திருக்க வேண்டும் என்று அப்போது பலர் எழுதினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த இரண்டு ஆண்டும் கோயில் அடுப்பில் மட்டும் பொங்கியது. பெண்கள் அவரவர் முற்றத்தில், மொட்டைமாடியில், வாசற்படியில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கினார்கள். எங்கள் தெரு முழுக்க ஒரே நேரத்தில் புகை எழுந்தது. யாரையும் போலீஸ் வந்து நிறுத்தவில்லை. அம்மை நோயைத் தாயின் வருகையாகக் கண்ட மரபு, நோய்க்காலத்தில் தாயை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளவும் தெரிந்து வைத்திருந்தது.

அந்த இரண்டு ஆண்டும் எங்கள் தெருவுக்கு வாரம் தவறாமல் வந்தவர் ஆஷா பணியாளர் எனப்படும் சுகாதாரத் தொண்டர். யார் வீட்டில் சர்க்கரை நோயாளி, யார் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யார் ஊசிக்குப் பயப்படுகிறார் என்பது அவருக்குத் தெரியும். எதிர் வீட்டுப் பாட்டி எண்பது வயதில் ஊசி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தபோது, மகன் சொல்லியும் மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. ஆஷா சேச்சி திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் வேறு கதை பேசிவிட்டு, “நான் கூட வருகிறேன் அம்மச்சி” என்றார். பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரம் அரசுச் செயலகத்தின் முன் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு மாதந்தோறும் கிடைத்த மதிப்பூதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் 266 நாள் இருந்தார்கள். நடுவில் மார்ச் 13 அன்று ஆற்றுக்கால் பொங்கல் வந்தது. நகரத்துத் தெருக்களில் பெண்கள் வழக்கம்போல அடுப்புக் கூட்டியபோது, இவர்களும் செயலகத்து வாசலில் செங்கல் வைத்து, அரிசி களைந்து, தீ மூட்டிப் பொங்கினார்கள்.